சிலம்பை ஏன் உடைத்தாள்?

எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ, "கோவலன் கள்வன் அல்லன் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது" என்று விடை வரும். முழு மதிப்பெண்ணுக்கு உரிய விடைதான். "மாணிக்கம் தெறித்தால் அவன் கள்வன் அல்லன் என்று எப்படி ஆகும்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பெரும்பாலும் மௌனமே கிடைக்கும். குறை பிள்ளையிடம் இல்லை. அந்த இரண்டாவது கேள்வியை வகுப்பில் கேட்பவர் அரிது.

நம் பள்ளிகளில் இலக்கியப் பாடம் கதைச் சுருக்கம், அருஞ்சொற்பொருள், 'யார் யாரிடம் கூறியது' என்ற அளவில் முடிந்துவிடுகிறது. சான்றை எடைபோடுவது விஞ்ஞான ஆசிரியரின் வேலை என்று தமிழாசிரியர் விட்டுவிடுகிறார். இந்தப் பாகப்பிரிவினை தவறானது என்றே நான் கருதுகிறேன். சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

16-ஆவதான கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கோவலனைக் காவலருக்குக் காட்டுகிறான். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கின்றனர் அவர்கள். ஆசிரியர் இங்கே சற்று நிறுத்த வேண்டும். காவலர் எண்ணியது உண்மையா? உண்மை. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் வலுவானதா? இல்லை, முகத்தைப் பார்த்துத் திருட்டை அளக்க முடியாது. சரியான முடிவுக்கும் பலவீனமான காரணம் இருக்கலாம் என்பது பெரியவர்களிலும் பலருக்குப் பிடிபடாத செய்தி.

பொற்கொல்லனின் மறுமொழி இன்னும் சுவையானது. கள்வருக்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று அடுக்குகிறான். மாறுவேடத்தில் வந்து இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த ஒருவனின் கதையையும் சொல்கிறான். அது மெய்யாகவே இருக்கட்டும். அதற்கும் எதிரே நிற்கும் கோவலனுக்கும் என்ன சம்பந்தம்? கள்வர் கெட்டிக்காரர் என்பதிலிருந்து இவன் கள்வன் என்பது எப்படி வரும்? கள்வனைப்போல் இருந்தால் கள்வன். இல்லாவிட்டால் கைதேர்ந்த கள்வன்! எதிர்ச்சான்று எதற்கும் இடம் தராத இத்தகைய வாதம் எதையும் நிறுவுவதில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. சற்று நேரத்தில் ஒரு முரடனின் வாள் கோவலன் மேல் பாய்கிறது.

20-ஆவதான வழக்குரை காதைக்கு வருவோம். புறாவுக்காகத் தன்னையே தந்த சிபியையும், கன்றுக்காக மகனைத் தேரின் கீழ் இட்ட சோழனையும் கூறித்தான் கண்ணகி தொடங்குகிறாள். மனப்பாடத்துக்கு ஏற்ற, உள்ளத்தை உலுக்கும் பகுதி. அரசனை இடித்துரைப்பதில் அதற்கு வலிமை உண்டு. வழக்கின் சான்றாகப் பார்த்தால் அதன் எடை சூன்யம். சோழர் நீதி தவறாதவர் என்பதால் கோவலன் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான். இதை அவளும் அறிந்திருந்தாள் போலும். அதோடு நிற்கவில்லை.

தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பை உடைக்கும் முன்பே இருவரும் இதைச் சொல்லிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உடைத்த பிறகு எவரும் பேச்சை மாற்ற வழியில்லை. அதுவரை இருந்த தொல்லை, இரண்டு சிலம்புகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததே. இப்போது அவை வேறுபடும் இடம் எது என்று தெரிந்துவிட்டது. அரசனே தருவித்து வைத்த சிலம்பை, அவன் கண்முன் கண்ணகி உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. இரண்டு கொள்கைகளுள் ஒன்றை வீழ்த்தும் சோதனை பற்றி 1620-இல் பிரான்சிஸ் பேக்கன் எழுதினார். அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது கடினம். (இதைக்கொண்டு விஞ்ஞான முறையை நாமே முதலில் கண்டோம் என்று மார்தட்ட வேண்டாம். அதுவும் சான்றில்லாத வாதமே.)

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. அது அரசியின் சிலம்பு அன்று என்று மட்டுமே தெளிவாகிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பதை மாணிக்கம் சொல்லவில்லை. அது காப்பியம் நமக்கு முன்பே சொன்ன செய்தி. படிப்பவருக்குத் தெரிந்ததையும் பாத்திரத்துக்குத் தெரிந்ததையும் பிரித்தறிய, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தேவை.

இப்படிக் கூறுபோட்டால் இலக்கியச் சுவை கெட்டுவிடும் என்று சில தமிழாசிரியர்கள் வருந்தக்கூடும். கணவனை இழந்து நிற்கும் நிலையிலும் எதை உடைக்க வேண்டும் என்று தெளிந்திருந்த ஒருத்தியைக் காணும்போது சுவை கூடுமா, குறையுமா? சாக்கு எதுவும் தேடாமல், அந்த ஒரு பரலைக் கண்டதும் தன் தீர்ப்பு பிழை என்று ஏற்று உயிர்விட்ட பாண்டியனையும் அப்போதுதான் பிள்ளைகள் உள்ளபடி புரிந்துகொள்வார்கள்.

இதற்குத் தனிப் பாடநூல் தேவையில்லை. ஒரு பாடவேளை போதும். கண்ணகியின் கையில் இன்னொரு சிலம்பும் இருந்தது. அரசன் வைத்ததை விட்டுவிட்டு அதை அவள் உடைத்திருந்தால் என்ன நிறுவப்பட்டிருக்கும் என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் பத்து நிமிடம் வாய் திறவாமல் இருக்கட்டும்.