உயிரொலிக்கு நாக்கு மட்டும் போதுமா?

கலேவெல போன்ற இருமொழி ஊர்களில் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களம் பேசும்போது முதலில் தடுமாறுவது உயிரொலியில்தான். அந்த ஊர்ப்பெயரின் ஈற்றில் வரும் 'வெல' சிங்களத்தில் தனியே நின்றால் வயல். அந்த எகரத்தில் தாடையை இன்னும் சற்றுத் தாழ்த்தினால் அதுவே கொடி. குளத்துக்கான சிங்களச் சொல்லிலும் இந்தத் தாழ்ந்த எகரம்தான். கொப்பியில் இரண்டையும் தமிழெழுத்தில் 'வெல' என்று எழுதிப் பாடமாக்கும் பிள்ளைக்கு வயலும் கொடியும் ஒரே ஒலியாகிவிடுகின்றன.

உயிரொலியை விளக்க நம் இலக்கண வகுப்பில் இருக்கும் கருவி பிறப்பியல். தொல்காப்பியம் உயிர்களை மூன்று கூட்டமாக்குகிறது. அ, ஆ வாய் திறப்பதால் பிறக்கும்; இ, ஈ, எ, ஏ, ஐ அந்தத் திறப்போடு நாவிளிம்பு மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறக்கும்; உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவியப் பிறக்கும். நன்னூலும் இதே வழியிலேயே செல்கிறது.

ஒலியை அளக்கும் கருவி எதுவுமில்லாத காலத்தில் உதட்டின் பங்கைத் தனியே பிரித்துக் கண்டது பெரிய காரியம். இன்று அதை ஒலியியலோடு ஒப்பிடலாம். குரல்நாணிலிருந்து உதடு வரையுள்ள வழி வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் நீளம். நாக்கு எங்கும் நெருக்காதபோது அது ஒரு முனை மூடிய குழாய். உயர்தரப் பௌதிகவியல் மாணவர் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்: பரிவு மீடிறன்கள் 500, 1500, 2500 ஹேட்ஸை ஒட்டி வரும். நாவும் உதடும் இந்தப் பரிவுகளை இடம் நகர்த்துகின்றன. நா தாழ்ந்து வாய் அகன்றால் முதற்பரிவு ஏறும். நா முன்னோக்கி உயர்ந்தால் இரண்டாம் பரிவு ஏறும். உதடு குவிந்து நீண்டால் எல்லாம் இறங்கும். 1952இல் பீற்றர்சனும் பார்னியும் அமெரிக்க ஆங்கிலம் பேசும் ஆண்களிடம் அளந்தபோது, ஈகாரம் போன்ற உயிருக்கு இரண்டாம் பரிவு சராசரியாக 2290 ஹேட்ஸ், ஊகாரம் போன்றதற்கு 870. முதற்பரிவோ இரண்டிலும் 300ஐ ஒட்டியே இருந்தது. தொல்காப்பியர் இவ்விரண்டையும் வேறு கூட்டங்களில் வைத்தது செவிக்கும் பொருந்துகிறது.

ஆனால் இகரமும் எகரமும் ஒரே கூட்டத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பிரிப்பது நாவின் உயரமும் தாடையின் திறப்பும், அதாவது முதற்பரிவு. பிறப்பியல் அந்த அளவைச் சொல்லவில்லை. வயலையும் கொடியையும் பிரிப்பதும் அதே அளவுதான். இன்னொரு குறை நம் வாயிலேயே இருக்கிறது: 'காடு', 'பாட்டு' என்று பேசும்போது ஈற்று உகரத்தில் உதடு குவிவதில்லை. இந்தக் குற்றியலுகரத்தைத் தனி எழுத்தாகக் கண்ட நூல், அதற்கெனத் தனி வாய்வடிவம் தரவில்லை.

நாவின் உயரத்தை வைத்து உயிர்களை வரிசைப்படுத்திய மேற்கத்திய முறை இக்குறையை ஓரளவு நிரப்பியது. அதை வளர்த்த டேனியல் ஜோன்ஸ், எச். எஸ். பெரேராவுடன் சேர்ந்து 1919இலேயே பேச்சுச் சிங்களத்துக்கு ஒலிக்குறியீட்டு வாசிப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். ஆயினும் 1928இல் ஒஸ்கார் ரஸ்ஸல் எக்ஸ்கதிர்ப் படங்களைக் கொண்டு, நாக்கு அந்த முறை சொல்லும் இடத்தில் எப்போதும் இருப்பதில்லை என்று வாதிட்டார். பற்களுக்கிடையில் கட்டையைக் கடித்துக்கொண்டு தாடையை அசைக்க முடியாத நிலையிலும் பெரியவர்கள் பெரும்பாலும் சரியான உயிரை உடனே ஒலித்துவிடுவதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. நாக்கு வேறு வழியில் ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே பேசுபவர் எட்ட முயல்வது செவிக்கான ஒலியை. வாய்வடிவம் அதற்கான ஒரு வழி மட்டுமே.

நான் பிறப்பியலைத் தள்ளச் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்துத் திருத்தக்கூடிய உதட்டுக்கு அதைவிட எளிய பாடம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நாவுக்குத்தான் அது போதவில்லை. இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: சிங்களச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதவிடாதீர்கள், அந்தத் தாழ்ந்த எகரத்துக்குச் சிங்களத்தில் தனி எழுத்து உண்டு. முதலில் இரு சொற்களையும் மாறி மாறிக் கேட்கவைத்து, எது வயல், எது கொடி என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். காது பிரித்தறிந்த பிறகு தாடையைத் தாழ்த்தக் கற்பியுங்கள். கணினி இருந்தால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' மென்பொருளில் அவர்களின் குரலையே பதிந்து பரிவுகளைக் காட்டலாம். அது இலவசமாகக் கிடைக்கிறது.