மேக் மினி வதந்திகளும் ஒரு பழைய கடனும்

போன வாரம் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, எம்5 மினி எப்ப வரும்? தைக்கு முன்னாடி வந்துருமா?"

அவனுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். கையில் இருப்பது எம்1 மேக் மினி, 8 ஜிபி ராம். வாங்கும்போது அது போதும். இப்போது ரெண்டு கேமரா, ஒரு ட்ரோன், எல்லாமே 4கே. மூன்று மணி நேர ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டால் மிஷின் திணறுது என்கிறான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மிஷின் மாத்துவதாக இருந்தால் இந்த மாதம்தான் மாத்த வேண்டும். தை பிறந்துவிட்டால் அவனுக்குத் தூங்கவே நேரம் இருக்காது.

பழக்க தோஷத்தில் உடனே உட்கார்ந்து வதந்திச் செய்திகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் 2015 ஞாபகம் வந்தது. அப்போதும் இவன்தான் கேட்டான், இதே மினியைப் பற்றித்தான். நான் சொன்ன பதில்: "இப்ப வாங்காதே, அக்டோபர்ல புதுசு வரும்." அக்டோபரில் வரவில்லை. அடுத்த அக்டோபரிலும் வரவில்லை. அடுத்த மினி வந்தது 2018 அக்டோபர் 30-ஆம் தேதி.

அந்தக் கடனைக் கொஞ்சம் அடைக்கிற மாதிரி, இந்தத் தடவை வதந்திகளைப் படிப்பதற்குப் பதிலாக வதந்திகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் காலண்டர் கணக்கு. மேக்ரூமர்ஸ் தளத்தில் வாங்குவோர் கையேடு என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு ஆப்பிள் பொருளுக்கும் கடைசியாகப் புதுப்பித்து எத்தனை நாள் ஆச்சு, சராசரி இடைவெளி எத்தனை நாள் என்று காட்டும். நாள் ஏற ஏற நிறம் மாறும். "இப்போ வாங்காதே" என்று எச்சரிக்கும். நான் 2015-இல் நம்பியது இந்த மாதிரிக் கணக்கைத்தான். எனவே மினியின் முழு வரலாற்றையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன்.

2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் 499 டாலருக்கு முதல் மினியை அறிமுகப்படுத்தினார். 2006 பிப்ரவரியில் இன்டெலுக்கு மாறியது. அதே வருஷம் செப்டம்பரில் சின்ன ஏற்றம். பிறகு 2007 ஆகஸ்ட், 2009 மார்ச், 2009 அக்டோபர், 2010 ஜூன் (அலுமினியத் தட்டு), 2011 ஜூலை, 2012 அக்டோபர், 2014 அக்டோபர், 2018 அக்டோபர், 2020 நவம்பர் (எம்1), 2023 ஜனவரி (எம்2), 2024 அக்டோபர் (எம்4). சில்லறை மாற்றங்களை விட்டுவிட்டால் பதினாலு வெளியீடு, பதிமூன்று இடைவெளி.

மொத்தமாக எடுத்தால் சராசரி இடைவெளி சுமார் 18 மாதம். நடு எண், அதாவது வரிசைப்படுத்தி மத்தியில் நிற்பது, 15 மாதம். 2012-க்குப் பிந்தைய ஐந்து இடைவெளிகளை மட்டும் எடுத்தால் சராசரி கிட்டத்தட்ட 29 மாதம். இப்போ 2024 அக்டோபரோடு கூட்டிப் பாருங்க. முதல் கணக்குப்படி அடுத்த மினி 2026 ஏப்ரலில். இரண்டாவதன்படி 2026 ஜனவரியிலேயே. மூன்றாவதன்படி 2027 மார்ச்சில். ஒரே தகவல், மூன்று பதில், நடுவில் பதினாலு மாத வித்தியாசம். குறைந்தது ஆறேழு மாதம், அதிகபட்சம் 48 மாதம் என்று சிதறிக் கிடக்கிற எண்களுக்குச் சராசரி எடுத்தால் வேறென்ன கிடைக்கும்? எந்த ஜூனியராவது இப்படி ஒரு டேட்டாவை வைத்து ரிலீஸ் தேதி சொன்னால் கோட் ரிவ்யூவில் நானே கிழித்திருப்பேன். தம்பிக்கு மட்டும் அதையே நம்பிச் சொல்லியிருக்கிறேன்.

இதைவிடக் கொஞ்சம் உருப்படியான வழி ஒன்று இருக்கிறது. 2020-லிருந்து மினியின் தலையெழுத்து ஆப்பிளின் சொந்த சிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் நாளை எண்ணாமல், சிப் வந்ததற்கும் அது மினிக்குள் போனதற்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணலாம். எம்1: சிப்பும் மினியும் ஒரே நாள். எம்2: சிப் 2022 ஜூனில், மினி ஏழு மாதம் கழித்து. எம்3: 2023 அக்டோபரில் சிப் வந்தது, மினிக்கு வரவே இல்லை. எம்4: 2024 மே மாதம் ஐபேட் ப்ரோவில் வந்தது, ஆறு மாதத்துக்குள் மினியில். எம்5 2025 அக்டோபர் நடுவில் 14 அங்குல மேக்புக் ப்ரோ, ஐபேட் ப்ரோ, விஷன் ப்ரோ மூன்றிலும் வந்துவிட்டது. பழைய தூரத்தை வைத்துப் பார்த்தால் 2026 முதல் பாதிக்குள் மினிக்கும் வரணும், அல்லது எம்3 மாதிரி தாண்டிப் போகணும். எனக்கு முதலாவதுதான் நடக்கும் என்று படுகிறது. ஆனால் நாலு சம்பவத்தை வைத்துக்கொண்டு "படுகிறது" என்பதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

அடுத்தது வதந்திகளின் தரம். எல்லா வதந்தியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

2007 மே மாதம் ஆப்பிள்இன்சைடர் தளம், மினியின் கதை முடிகிறது என்று எழுதியது. மூன்றே மாதத்தில் கோர் 2 டுவோவோடு புது மினி வந்தது. 2021-இல் ஜான் ப்ராசர் அடுத்த மினியின் படங்களை வெளியிட்டார். மேல்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஒல்லியான உடம்பு, காந்தத்தில் ஒட்டும் பவர் கேபிள். 2023-இல் வந்த எம்2 மினி அதே 2010-இன் அலுமினிய அச்சில் வந்து நின்றது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் காத்திருந்தார்களோ!

மறுபக்கம், 2024 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க்கின் மார்க் குர்மன், அடுத்த மினி ஆப்பிள் டிவி பெட்டியின் அளவை நெருங்கும், உயரம் சற்றுக் கூடலாம் என்று எழுதினார். அக்டோபரில் வந்தது 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். முந்தையது 19.7-க்கு 3.6. சரியாகத்தான் சொல்லியிருந்தார். அதே செப்டம்பரில் ஆப்பிளின் மென்பொருளுக்குள்ளேயே "5 போர்ட்" மேக் மினி என்ற குறிப்பு அகப்பட்டது. புது மினியில் யூஎஸ்பி-சி வடிவப் போர்ட்டுகள் முன்னால் ரெண்டு, பின்னால் மூணு. இதை வதந்தி என்பதைவிட கம்பைலர் வாக்குமூலம் என்று சொல்லலாம்.

ஆக, உள்ளே ஆள் வைத்திருப்பவர் சொல்வதும், கோடில் அகப்படுவதும், வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்னால் வந்தால் நம்பத் தக்கவை. ஒரு வருஷத்துக்கு முன்னால் வரும் அழகான படங்கள் பொழுதுபோக்கு. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரித் தோன்றலாம். ஆனால் நாம் முடிவெடுக்கும்போது படம்தான் கண்ணில் நிற்கிறது.

என்னுடைய பெரிய புகார் இதற்கும் மேலே. இந்த எழுத்துக்கள் எல்லாம் ரெண்டே கேள்வி கேட்கின்றன: எப்போ வரும், எந்த சிப். புதுசு என்றால் பழசைவிட மேல் என்பதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 2014 மினியைப் பாருங்க. ரெண்டு வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஆப்பிள் கொடுத்தது, நாலு கோர் மாடலே இல்லாத வரிசை. 2012-இல் 799 டாலருக்கு நாலு கோர் ஐ7 கிடைத்தது. 2014-இல் எவ்வளவு கொடுத்தாலும் ரெண்டு கோர்தான். எல்லா கோரும் உழைக்க வேண்டிய வேலைகளில், வீடியோ ரெண்டரிங் மாதிரி, பழைய மிஷின் புதியதைத் தோற்கடித்தது. போதாததற்கு ராமை போர்டோடு சேர்த்து பற்றவைத்துவிட்டார்கள். 2012 மாடலில் அடிமூடியைத் திருகினால் ரெண்டு ராம் ஸ்லாட் கையில் வரும், 16 ஜிபி வரைக்கும் நாமே போடலாம்.

கோர் குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணம் சுவாரஸ்யமானது. ஐவி பிரிட்ஜ் தலைமுறையில் ரெண்டு கோர், நாலு கோர் லேப்டாப் சிப்புகள் ஒரே சாக்கெட் அமைப்பில் வந்தன. ஒரு போர்டை வடிவமைத்தால் ரெண்டையும் பொருத்தலாம். ஹாஸ்வெல்லில் அது பிரிந்துவிட்டது. குறைவாக விற்கும் மினிக்காக ரெண்டு போர்டு வடிவமைக்க ஆப்பிள் மெனக்கெடவில்லை என்பது கணிப்பு. இந்தச் சாக்கெட் விவரம் முன்கூட்டியே கிடைக்கக் கூடியதுதான். தேதியைத் துரத்தியவர்களில் யாராவது அதைப் படித்திருந்தால் உருப்படியான ஒரு கணிப்பு கிடைத்திருக்கும்.

(எதிர்த் திசையிலும் ஒரு கூத்து உண்டு. 2005 கடைசியில் சில மினி பெட்டிகளுக்குள், அட்டையில் 1.42 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும், உள்ளே 1.5 இருந்தது. ஆப்பிள் வாயே திறக்கவில்லை. வதந்தியும் இல்லை, அறிவிப்பும் இல்லை, மேம்பாடு மட்டும் வந்துவிட்டது.)

2015 கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷம் என் பேச்சைக் கேட்டுப் பழைய லேப்டாப்பில் மல்லாடிய தம்பி, 2016 கடைசியில் என்னிடம் சொல்லாமலே செகண்ட் ஹேண்டில் ஒரு 2012 நாலு கோர் மினி வாங்கினான். தானே 16 ஜிபி ராம் போட்டான், எஸ்எஸ்டி போட்டான். அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோதுதான் மேஜைமேல் பார்த்தேன். "நீ திட்டுவன்னு சொல்லலண்ணே" என்றான். அந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனை ஆர்டரைத் திருப்பி அனுப்பினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

இதில் நான் மட்டும் தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். நான் 2018 வரை காத்திருந்து இன்டெல் மினி வாங்கினேன். பழைய பத்திரிகை ஸ்கேன்களை ஓசிஆர் செய்ய இன்னும் அதுதான். ரெண்டே வருஷத்தில் எம்1 வந்து அதைப் பழசாக்கியது. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் அதற்கு இடமே இல்லை.

சரி, இப்போதைய கேள்விக்கு வருவோம். எம்5 மினி வந்தால் தம்பிக்கு என்ன கிடைக்கும்? எம்4-இல் மெமரி வேகம் நொடிக்கு 120 ஜிபி, எம்5-இல் 153. ஜிபியு கோர் ஒவ்வொன்றிலும் ஏஐ கணக்குக்குத் தனி ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது. வீட்டிலேயே மொழி மாடல் ஓட்டுகிற என்னை மாதிரி ஆளுக்கு அது பெரிய விஷயம். முகூர்த்த வீடியோ வெட்டுகிறவனுக்கு அவ்வளவு இல்லை. அவனுக்குப் பெரிய தாண்டல் எம்1-லிருந்து எம்4-க்குப் போவதிலேயே இருக்கிறது. எம்1-இல் இல்லாத ப்ரோரெஸ் வன்பொருள் என்ஜின், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி. புது வைஃபை சிப் வரும் என்று பேசுகிறார்கள். எம்5 மேக்புக் ப்ரோவிலேயே பழைய வைஃபை 6இ-தான் இருக்கிறது, மினிக்கு மட்டும் தனி மரியாதை கிடைக்குமா தெரியாது. எப்படியும் அவன் ஸ்டுடியோவில் லேன் கேபிள்தான்.

காத்திருப்பதில் இந்தத் தடவை புதிதாக ஒரு ஆபத்து. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை சில மாதமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான், க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. ஆப்பிள் எப்போதுமே ராமுக்குத் தாராளமாக விலை வைக்கும் கம்பெனி. ஆனால் எம்4 மினியில் ராமை இரட்டிப்பாக்கியும் 599 டாலரிலேயே நிறுத்தியது. அடுத்த மினியில் அதே தாராளம் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். விலை ஏறலாம், அல்லது விலையை அப்படியே வைத்து வேறு எதையாவது கழிக்கலாம். 2014-இல் 499-க்கு இறக்கியபோது நடந்தது அதுதான்.

தம்பிக்குப் போன் பண்ணி, எம்4-ஐ இப்பவே வாங்கு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எம்5 பிப்ரவரியில வந்துட்டா?"

"வந்தா வரட்டும். அதுக்குள்ள நீ எத்தனை கல்யாணம் முடிச்சிருப்ப?"

"பதினொண்ணு அட்வான்ஸ் வாங்கிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

இப்போது தகராறு வேறு இடத்தில். 59,900 ரூபாய் 16 ஜிபி மாடல் போதும், மீதிக்கு வெளியே ஒரு எஸ்எஸ்டி வாங்கிக்கொள்கிறேன் என்கிறான் அவன். ராமைப் பிறகு ஏற்ற முடியாது, இன்னொரு 20,000 போட்டு 24 ஜிபியா எடு என்கிறேன் நான். 2012 மினியைத் தானே பிரித்து ராம் போட்டவன் அவன் என்பதால், இந்த விஷயத்தில் என் பேச்சு அவ்வளவு எடுபடவில்லை.