மசேர்: ஊற்றைச் சுற்றி எழுந்த மாளிகை

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில், அசோலோ குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது மசேர். வெனிஸ் நகரத்துப் பார்பாரோ குடும்பத்தார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கட்டிய மாளிகைக்கு உலகெங்கிலுமிருந்து ரசிகர்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் தேடி வருவது பாவோலோ வெரோனேசேயின் சுவரோவியங்களை. நான் முதலில் பின்முற்றத்து ஊற்றுக்குப் போகச் சொல்வேன்.

கட்டுவித்தவர்கள் டானியேலே, மார்கன்டோனியோ என்ற அண்ணன் தம்பி. அண்ணன் பெரிய படிப்பாளி. பண்டை ரோமின் கட்டடக்கலை ஆசான் விட்ருவியசின் நூலை மொழிபெயர்த்து, உரையும் எழுதி 1556இல் வெளியிட்டவர். அந்தப் பதிப்புக்குப் படங்கள் வரைந்து உதவிய அந்திரேயா பல்லாதியோதான் மாளிகையையும் வடிவமைத்தார்.

முகப்பின் நடுவே நான்கு அயோனியத் தூண்கள். பார்த்தால் ரோமானியக் கோயில்தான். ஆனால் இருபுறமும் நீளும் வளைவுத் தாழ்வாரங்கள் பண்ணை வேலைக்கானவை. கோடியில் புறாக்கூடுகள், அவற்றின் முகப்பில் சூரியக் கடிகாரம். கோயிலின் கம்பீரத்தையும் பண்ணையின் அன்றாடத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தத் துணிந்ததுதான் பல்லாதியோவின் மேதைமை.

மாளிகையின் பின்னால் குன்று உயர்வதால், பின்முற்றம் மேல்மாடியின் மட்டத்திலேயே அமைந்திருக்கிறது. அங்கே சுதைச் சிற்பங்கள் நிறைந்த அரைவட்டச் சுவர். அதன் முன்னே ஊற்று நீர் தேங்கும் குளம். அந்தத் தண்ணீர் போகும் வழியைப் பல்லாதியோ 1570இல் வெளியிட்ட தம் நூலிலேயே விவரிக்கிறார். குளத்திலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து தோட்டங்களுக்கு, பிறகு ஊர்ப்பாதையோரத்து மீன்குளங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும், கடைசியில் பழத்தோப்புக்கு. தெய்வச் சிலைகளின் காலடியில் கண்ணுக்கு விருந்தான அதே நீர் அடுப்படிக்கும் மரத்தின் வேருக்கும் போய்ச் சேர்கிறது.

இதைக் கண்டபின் உள்ளே போனால் ஓவியங்கள் வேறு விதமாகப் பேசும். 1560ஐ ஒட்டி வெரோனேசே தீட்டியவை அவை. ஒலிம்பஸ் கூடத்தின் மேல்விதானத்தில் கிரேக்கத் தெய்வங்கள். அதற்குக் கீழே, தீட்டிய மாடத்தின் கைப்பிடிச் சுவரருகே மார்கன்டோனியோவின் மனைவி ஜுஸ்தினியானா என்று கருதப்படும் பெண், முதிய செவிலியோடு நின்று நம்மைப் பார்க்கிறாள். பக்கத்திலேயே கிளியும் நாய்க்குட்டியும். வேறோர் அறையில், பாதி திறந்த கதவிலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். சிறுமி, கதவு இரண்டுமே சாயம். வானுலகை வரைந்த அதே தூரிகை வீட்டு மனிதர்களுக்கும் அதே கவனத்தைத் தந்திருக்கிறது. ஊற்றில் கண்ட அறம்தான் சுவரிலும் இருக்கிறது. இத்தனைக்கும் பல்லாதியோ தம் நூலில் வெரோனேசேயின் பெயரைச் சொல்லவே இல்லை.

பார்பாரோக்களுக்குப் பின் மாளிகை பல கைகள் மாறியது. வெனிஸின் கடைசி அதிபர் லுதோவிகோ மானினும் அதன் உரிமையாளராக இருந்தவர். 1797இல் குடியரசு வீழ்ந்த பிறகு சீரழிந்து கிடந்ததை, 1850இல் வாங்கிய சாந்தே ஜியாகோமெல்லி செப்பனிட்டார். 1996இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்றும் அங்கே திராட்சை விளைகிறது. அந்நிலத்து ஒயின் விற்பனைக்கு வருகிறது. ஆகவே மசேரைக் காப்பது என்றால் சாயத்தையும் சுதையையும் காப்பது மட்டுமல்ல. உழவு நின்று அருங்காட்சியகம் மட்டுமே எஞ்சினால், பல்லாதியோ கட்டியதில் பாதியை இழந்தவர்கள் ஆவோம்.