சுட்டி பட்டால் துள்ளும் பட்டியல்கள்

சென்ற பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்ட என் மேசைக் கணிப்பொறி முன் அமர்ந்த மாணவி ஒருத்தி, மூன்று முறை தவறான இடத்தில் சொடுக்கினாள். "பார்த்துச் சொடுக்கக் கூடாதா அம்மா?" என்று கடிந்துகொண்டேன். "பார்த்துத்தான் சார் அழுத்துறேன், அது நகர்ந்துடுது" என்றாள். நானே முயன்றபோது எனக்கும் அதே கதிதான். தலைப்பொன்றின்மேல் சுட்டி பட்டதும் ஒரு பட்டியல் விரிந்து, பக்கம் முழுவதையும் கீழே தள்ளியது. தள்ளப்பட்ட இடத்தில் 'கட்டணம் செலுத்து' என்ற பொத்தானைக் கண்டு சுட்டியை அங்கே கொண்டுபோனால், பட்டியல் மூடிக்கொள்கிறது. பக்கம் மேலே ஏறுகிறது. பொத்தான் இருந்த இடத்துக்கு 'வெளியேறு' வந்து நிற்கிறது! கடிந்துகொண்டதற்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

இத்தகைய பக்கங்களை அமைப்போர் செய்யும் பிழை என்ன? இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி சி.எஸ்.எஸ். ஆகும். 1998-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில், சுட்டி மேலே இருப்பதை உணர்த்தும் 'ஹோவர்' இடம்பெற்றது. பெட்டியின் இருப்பிடத்தைக் குறிக்கும் 'பொசிஷன்' என்ற பண்பும் அதே பதிப்பில்தான் இடம்பெற்றது. நோயும் மருந்தும் ஒரே ஏட்டில்!

உலாவி, அச்சுக் கோப்பவரைப்போல் பெட்டிகளை மேலிருந்து கீழாக அடுக்கிச் செல்கிறது. மறைந்திருக்கும் பட்டியல் அடுக்கில் இடமே பிடிப்பதில்லை. சுட்டி பட்டதும் அது தோன்றுகிறது. ஆறு வரிகள், வரிக்கு 40 பிக்சல் என்றால் 240 பிக்சல் உயரம் திடீரென்று முளைக்கிறது. தலைப்பின் பெட்டிக்கு 'பொசிஷன்: ரிலேட்டிவ்', பட்டியலுக்கு 'பொசிஷன்: அப்சல்யூட்', 'டாப்: 100%' என்று எழுதிவிட்டால் பட்டியல் அடுக்கிலிருந்து விலகி, பக்கத்தின்மேல் ஒட்டிய துண்டுச் சீட்டுப்போல் படியும். கீழே உள்ளவை அசையா. மூன்றே வரிகள்தாம், அவற்றை எழுதாமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை.

நகர்வின் கடுமையை அளக்க 2020-இல் கூகுள் நிறுவனம் ஓர் அளவையை முன்வைத்தது. நகர்வால் பாதிக்கப்பட்ட பரப்பு திரையில் எத்தனை பங்கு, நகர்ந்த தொலைவு திரையின் நீண்ட பக்கத்தில் எத்தனை பங்கு என்று பார்த்து, இரண்டையும் பெருக்க வேண்டும். விடை 0.1-ஐத் தாண்டக் கூடாது. 1280-க்கு 720 பிக்சல் திரையில், மேலே 40 பிக்சல் தலைப்பு வரிசை இருப்பதாகக் கொள்வோம். பாதிப்பு 680/720, அதாவது 0.944. தொலைவு 240/1280, அதாவது 0.1875. பெருக்கினால் சுமார் 0.177. பட்டியல் மூடும்போது மறுபடியும் அதே அளவு. சொடுக்கிய அரை நொடிக்குள் நேரும் நகர்வை இந்த அளவை மன்னித்துவிடும். சுட்டியை வெறுமனே நகர்த்துவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் இந்த எண்ணுக்கு அகப்படாத குறை ஒன்று உண்டு. பள்ளியில் மின்சார மணி படித்திருப்பீர்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கிறது. இழுபட்டதும் தொடுமுனை விலகி மின்சுற்று அறுகிறது. வில் தகட்டைப் பின்னுக்குக் கொண்டுவர, சுற்று மறுபடி மூடுகிறது. விளைவே தன் காரணத்தை வெட்டிக்கொள்வதால்தான் மணி விடாமல் அடிக்கிறது. இப்போது, சுட்டி பட்டதும் 4 பிக்சல் மேலே எழும்பும் ஒரு பட்டியல் வரியை எண்ணிப் பாருங்கள். சுட்டி அதன் கீழ் விளிம்பில் நிற்கிறது. வரி எழும்புகிறது, சுட்டி வெளியே விழுகிறது, வரி இறங்குகிறது, சுட்டி மீண்டும் உள்ளே. வரி படபடவென்று துடிக்கிறது. இது மணியேதான்!

துடிப்பை 'டிரான்சிஷன்' கொண்டு மெதுவாக்குகிறார்கள் சிலர். மணியின் சுத்தியலுக்குப் பஞ்சு சுற்றுவது போன்றது இது. 'டிரான்ஸ்ஃபார்ம்' கொண்டு எழுப்பினால் அண்டை வரிகள் அசையா என்பது உண்மை. எனினும் வரி நகர்ந்து நிற்கும் இடத்தில்தான் உலாவி சுட்டியைத் தேடுவதால் துடிப்பு தொடரும். 'டிரான்ஸ்ஃபார்ம்' நகர்வைக் கூகுளின் அளவை கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனவே நல்ல எண்ணைச் சான்றாகக் காட்டுவோரை நான் ஏற்பதில்லை. சுட்டியை உணர்வது அசையாத வெளிப்பெட்டியாகவும், எழும்புவது உள்ளிருக்கும் பெட்டியாகவும் இருக்க வேண்டும். மணியிலும் தொடுமுனையைத் தகட்டிலிருந்து பிரித்துவிட்டால், தகடு ஒருமுறை ஒட்டி அப்படியே நின்றுவிடும்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு தொல்லை. சுட்டி பட்டதும் எழுத்தைத் தடிமனாக்குவது பலருக்கு வழக்கம். தடித்த எழுத்து பொதுவாக அகலமும் கூடுதலாகப் பிடிக்கும். 'தேர்வுக் கட்டணம்', 'மதிப்பெண் சான்றிதழ்' என்று நம் தலைப்புகளோ நீளமானவை. ஒன்று தடித்ததும் கடைசித் தலைப்பு அடுத்த வரிக்கு விழுந்து, அத்தனையும் கீழே இறங்குகிறது. நிறத்தை மாற்றினாலே போதும். விளிம்புக் கோடு வேண்டுமென்றால், முதலிலிருந்தே நிறமற்ற கோடாக அதை இட்டுவைத்துப் பின்னர் நிறமேற்றலாம்.

அன்று சுட்டியை ஒதுக்கிவிட்டு, 'டேப்' விசையால் ஒவ்வொன்றாகத் தாண்டிப் பொத்தானை அடைந்து 'என்டர்' அழுத்தினோம். பட்டியல் அசையவில்லை, கட்டணமும் சேர்ந்தது. ஆனால் விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்போருக்கு அந்தப் பட்டியல் திறக்கவே திறக்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 'ஹோவர்' எழுதிய இடத்தில் 'ஃபோகஸ்-வித்தின்' என்பதையும் சேர்த்து எழுத அங்கே எவருக்கும் தோன்றவில்லை போலும்.