சொல்லும் உரிமையும் நிறுத்தும் உரிமையும்

பத்தமடையிலிருந்து பாபநாசம் போகிற சாலையில் அடுத்த ஊர் சேரன்மாதேவி. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலம் அங்கே இருந்தது. தேசியக் கல்வியை வளர்க்க விரும்பிய தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 கொடுத்தது. பொதுப்பணம் பெற்ற அந்த இடத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன், அங்கே படித்தபோது தனக்கு நேர்ந்ததை வீட்டில் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. பெ. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைத் தமிழ்நாடு முழுவதற்குமான கேள்வியாக்கினார்கள். 1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டின் இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் குருகுலமும் ஒன்று.

ஒரு பிள்ளை வீட்டில் சொன்ன குறை ஒரு மாநிலத்தின் அரசியலைத் திருப்பியது. ஆனால் இந்த வரலாற்றை எழுதியவர்கள் ஐயர் என்ன சொன்னார், காந்தி என்ன சமரசம் சொன்னார், நாயுடு என்ன எழுதினார் என்று விரிவாக எழுதினார்களே ஒழிய, பந்தியில் பிரித்து உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளின் மனத்தில் பிறகு என்ன தங்கியது என்று கேட்கவில்லை. அவர்களுடைய அனுபவம் பெரியவர்களின் வழக்குக்குச் சான்றாகிப் போனது. இளமைக்காலத் துயரத்தைப் பொதுவில் சொல்லும் வழக்கத்தின் வலிமையும் குறையும் இந்த ஒரு நிகழ்விலேயே சேர்ந்து கிடக்கின்றன.

இன்று அந்த வழக்கம் பெருகிவிட்டது. தொண்டு நிறுவனங்கள், ஆய்வாளர்கள், இதழ்கள், கல்லூரி விழாக்கள் எல்லாம் ‘உங்கள் கதையைச் சொல்ல முன்வாருங்கள்’ என்று அழைக்கின்றன. பட்டினி, அடி, சாதி இழிவு, படிப்பு நின்றுபோனது, பாலியல் வன்கொடுமை எனச் சின்ன வயதில் பட்டதையெல்லாம் விரும்பிச் சொல்பவர்களை நாம் பாராட்டுகிறோம். பாராட்டுவதற்கு முன்னால் அதை எடைபோட வேண்டும்.

முதலில் அதன் பயனைச் சொல்வோம். குழந்தையின் துன்பம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் பட்டறைக்குள்ளும் நடப்பது. பட்டவர் சொன்னாலொழிய அது பதிவாவதில்லை. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் வழக்கத்தை 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் அரச ஆணையம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக, அத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாது என்று 1933இல் சட்டம் வந்தது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் அம்மா மடியில் தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து வாய் மடக்கிக் கொடுத்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். கணக்கெடுப்பில் அது ‘வீட்டு வேலை’ என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துவிடும். பள்ளிக்கூட மணி அடித்தபோதும் கை நிற்காததை அந்தப் பிள்ளைதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, ஒருவர் சொன்னால் பத்துப் பேருக்கு மொழி கிடைக்கிறது. பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992இல் வந்தது. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. தீண்டாமையைக் கொள்கையாகப் பேசிய நூல்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் அதைத் தெருவிலும் வகுப்பிலும் சந்தித்த விதத்தைப் படித்தபோதுதான், தங்களுக்கு நடந்ததும் அதுவே என்று பலர் உணர்ந்தார்கள். தன் வெட்கம் என்று நினைத்திருந்தது சமூகத்தின் வெட்கம் என்று ஒருவருக்குத் தெளிவது சிறிய விடுதலை ஆகாது.

மூன்றாவது, சொல்பவருக்கே கிடைக்கும் ஆறுதல். இதில்தான் நாம் மிகையாக நம்புகிறோம். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வின் துயரத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த வேளையில் அவர்கள் மனம் முன்னிலும் கலங்கியிருந்தது. பின்வந்த ஆய்வுகளில் சராசரிப் பயன் சிறியதாகவே தெரிந்தது. அவர்கள் எழுதியது மேடைக்கும் அச்சுக்கும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்னொரு பக்கம், பேரிடருக்கு உள்ளானவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைத்து அனுப்பும் முறையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பது சொல்பவர் கையில் இருக்கும்போது சொல்வது ஆற்றக்கூடும். அது கேட்பவர் கைக்கு மாறினால் பழைய புண்ணைக் கிளறுவதாக முடியும்.

குறைகளுக்கு வருவோம். மேடைக்கு யார் வருகிறார்கள்? ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளில் பேச அழைக்கப்படுபவர் பெரும்பாலும் படித்துப் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர். அவர் கதை உண்மை, பெருமைக்குரியது. ஆனால் அதை மட்டுமே கேட்கும் கூட்டம், துன்பம் மனிதரைச் செதுக்கும், உழைத்தால் மீளலாம் என்ற பாடத்தோடு வீடு போகிறது. மீளாதவர், குடியில் விழுந்தவர், இன்றும் அதே தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அந்த மேடைக்கு வருவதில்லை. வென்றவரின் கதை, தோற்றவர் மீது சாட்டப்படும் குற்றமாக மாறிவிடுகிறது. சட்டமும் கூலியும் பள்ளியும் செய்யத் தவறியது மன உறுதி என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துபோகிறது.

அடுத்த குறை, கதை தனி ஒருவருடையதாக இருப்பதில்லை. சின்ன வயதுத் துயரத்தில் அப்பா இருப்பார், சித்தி இருப்பார், வாத்தியார் இருப்பார், தம்பி தங்கை இருப்பார்கள். சொல்ல முன்வந்தவர் ஒருவர், வெளிப்படுகிறவர்கள் பலர். ‘கருக்கு’ வந்தபின் பாமா தம் ஊருக்குள் பல மாதம் போக முடியாத நிலை ஏற்பட்டது. காலப்போக்கில் ஊரே அந்த நூலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அவ்வளவு நாள் பொறுக்கும் எழுத்தாளர் வேறு, கருத்தரங்கில் பத்து நிமிடம் பேசிவிட்டு மறுநாள் அதே தெருவில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டிய பெண் வேறு.

சின்ன ஊர்களில் இந்த ஆபத்து கூடுதல். பாய் நெய்யும் பத்தமடை போன்ற ஊரில் பெயரை மாற்றி எழுதினால் போதாது. தெரு, தறி இருக்கும் வீடு, அப்பாவின் தொழில் என்று மூன்று குறிப்பு கிடைத்தால் யாரென்று ஊர் சொல்லிவிடும். பாய் நெசவைப் பற்றிக் கேட்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கோரையைப் பற்றிக் கேட்ட கையோடு சின்ன வயதுக் கஷ்டத்தையும் கேட்டுவிடுகிறார்கள். அவர் கூச்சத்தாலும் விருந்தோம்பலாலும் ஏதோ சொல்கிறார். அதை விருப்பம் என்று கணக்கிடுவது தவறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோடு நில்லாமல் குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் ஆகியவற்றையும் ஊடகம் வெளியிடக்கூடாது என்கிறது. அடையாளம் பெயரில் மட்டும் இல்லை என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தைக்குச் சட்டம் போட்ட இந்த வேலியை, வளர்ந்தபின் தானே பேச முன்வருபவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது அவருடைய வேலையாக இருக்கக் கூடாது, கேட்பவருடைய கடமையாக இருக்க வேண்டும்.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. நிறுவனங்களில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் கொடுமையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை இயங்கியது. 8,000க்கும் மேற்பட்டோர் அதன் தனி அமர்வுகளில் பேசினார்கள். சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, பார்வையாளர் இல்லை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். பேசுவதற்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுத்துநர் உதவி இருந்தது. அந்தக் கதைகளில் பல, ஒப்புதல் பெற்று, அடையாளம் நீக்கி வெளியிடப்பட்டன. சொன்னவர்களின் சொற்கள் பரிந்துரைகளாகி அரசின் முன் போயின. சொன்னவர்கள் காட்சிப்பொருள் ஆகவில்லை.

இந்த வழக்கத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. மௌனத்தால் பலன் பெறுகிறவர்கள் அடித்தவர்களும் பிரித்து உட்கார வைத்தவர்களும்தான். ஆனால் ‘அவரே விரும்பித்தான் சொன்னார்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் சொல்லத் தொடங்கியதை வைத்து அவருடைய விருப்பத்தை அளக்க முடியாது. பாதியில் நிறுத்த முடிந்ததா, அச்சாகும் முன் வாசித்துத் திருத்த முடிந்ததா, வேண்டாம் என்று திரும்பப் பெற முடிந்ததா, மறுத்தபின்னும் அதே மரியாதையும் உதவியும் கிடைத்ததா என்பதை வைத்தே அளக்க வேண்டும். உதவித்தொகையோ வேலையோ கைம்மாறாக எதிர்பார்க்கப்படும் இடத்தில் அந்த விருப்பத்துக்குப் பொருளே இல்லை.

ஆகவே கதை கேட்டு வருகிற ஒவ்வொரு நிறுவனமும் இதழும், கேட்பதற்கு முன் சொல்பவரின் கையில் எழுத்தாகவே ஒன்றைக் கொடுக்க வேண்டும்: இது எங்கே வரும், யார் படிப்பார்கள், எந்த நாள் வரை நீங்கள் திரும்பப் பெறலாம், மனம் கலங்கினால் யாரிடம் போகலாம், நீங்கள் சொன்னதை வைத்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம். இந்த ஐந்துக்கும் பதில் வைத்திருக்காதவர்களுக்கு ஒருவரின் குழந்தைப் பருவத்தைக் கேட்கும் தகுதி இன்னும் வரவில்லை.