துரியோதனன் பாவாடை

விக்கிரவாண்டிக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் துரியோதனன் உடுத்திவரும் உடை எந்த நூற்றாண்டுக்கும் சொந்தமில்லாதது. தலையில் உயர்ந்த கிரீடம், தோளைத் தாண்டி நீளும் புஜக்கட்டை, மார்பை மறைக்கும் பதக்கம், உள்ளே கால்சட்டை, அதன்மேல் விரிந்த பாவாடை. அத்தினாபுரத்தில் யாரும் இப்படி உடுத்தியிருக்க முடியாது. செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்கள் பார்த்திருந்தாலும் திகைத்துத்தான் போயிருப்பார்கள். ஆனால் கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு ராஜா என்றால் இவன்தான் ராஜா.

இந்த ஆடம்பரத்துக்கு ஆகும் பொருள் கொஞ்சம்தான். கலியாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, பொன்தாளும் வண்ணத்தாளும் ஒட்டி, கண்ணாடித் துண்டுகளைப் பதித்தால் கட்டை எனப்படும் அணிகள் தயார். வேஷக்காரர் தானே முகத்தில் அரிதாரம் பூசி, மீசை எழுதி, வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்கிறார். துரியோதனனுக்குச் சிவப்பு முகம். கிட்டத்தில் பார்த்தால் எல்லாமே சற்று முரட்டுத்தனமாகத் தெரியும். தெரியட்டும், கிட்டத்தில் பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல அவை. தீவட்டியும், பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கும் எரிந்த இரவுகளில், கடைசி வரிசையில் அரைத்தூக்கத்தில் இருக்கும் கிழவியின் கண்ணிலும் போய் விழவேண்டிய பளபளப்பு அது.

பாவாடைதான் இதில் பெரிய வித்தை. இடுப்பைச் சுற்றித் துணிகளை, சில இடங்களில் வைக்கோலை, அடுக்கிக் கட்டி மேலே பாவாடையை இறக்குகிறார்கள். நிற்கும்போது உடம்பு இரண்டு பங்கு அகலமாகிவிடும். மத்தளம் வேகமெடுத்து வேஷக்காரர் கிறிக்கி அடித்துச் சுழலத் தொடங்கினால் அந்தப் பாவாடை எழும்பி, அவரைச் சுற்றி ஒரு வட்டமே சுழலும். தைத்தவர் ஆட்டத்தை அறிந்து தைத்திருக்கிறார். நின்ற நிலையில் அழகாக இருந்து, ஆடும்போது காலைத் தடுக்கும் உடை கூத்தில் செல்லாது.

பிரம்மாண்டமான உடை சிரிப்பையும் கொண்டுவரும் என்பதை ஹாலிவுட்டின் பழைய இசை நகைச்சுவைப் படங்கள் அறிந்திருந்தன. 1952-இல் வந்த ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்துக்கு உடை வடிவமைத்தவர் வால்டர் பிளங்கெட். ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்கும் உடை அவருடையதே. ‘சிங்கிங் இன் தி ரெயின்’ கதையில் வரும் லீனா லாமாண்ட் என்ற நடிகை பிரெஞ்சு அரசவைக் கோலத்தில் ஒரு பேசும்படத்தில் நடிக்கிறாள். மைக்கை அவள் உடைக்குள் ஒளித்துவைக்க, அது வசனத்தை விட்டுவிட்டு நெஞ்சுத் துடிப்பைப் பதிவுசெய்கிறது. உடை எவ்வளவு பிரம்மாண்டமோ, சிரிப்பும் அவ்வளவு பெரிது.

கூத்தில் அந்தச் சிரிப்புக்குத் தனியாகவே ஓர் ஆள் உண்டு: கட்டியங்காரன். இருவர் திரையைப் பிடித்து நிற்க, ராஜா அதன் பின்னாலிருந்து பாடுவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், பிறகு கொஞ்சம் முகம் தெரியும். கூட்டம் காத்திருக்கும். முழுக்கோலத்தோடு ராஜா வெளியே வந்து தன் பெருமையைத் தானே படர்க்கையில் பாடிமுடித்ததும், குல்லாயும் சாதாரணச் சட்டையும் போட்ட கட்டியங்காரன் பக்கத்தில் வந்து நின்று, நீ யாரப்பா என்று கேட்பான். ஊர்ப் பேச்சு, நேற்றைய விலைவாசி எல்லாம் அவன் வாயில் வரும். கோமாளி இல்லாமல் பார்த்தால் ராஜாவின் வேஷம் வெறும் அலங்காரம். அவன் பக்கத்தில் நிற்பதால்தான் அந்தக் கிரீடத்துக்கு உயரமே வருகிறது.

இந்த வேஷங்கள் ஆணுக்கு மட்டும் என்ற நிலையும் மாறியது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் பக்கத்தில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடக் கற்றார்கள்.

கடைசி நாள் படுகளத்தைத் தவறவிடக் கூடாது. மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, அதைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் முழு வேஷத்தோடு பகல் வெளிச்சத்தில் ஓடுவார்கள். இரவெல்லாம் ஆடிய அரிதாரம் வியர்வையில் வழிந்திருக்கும், தாள்கள் ஓரத்தில் பிரிந்திருக்கும். அந்தக் கலைந்த கோலத்தில்தான் தொடையில் அடி வாங்குகிறான் துரியோதனன். பளபளப்பு போன வேஷம் இவ்வளவு பொருத்தமாக அமையும் இடம் வேறொன்று இல்லை.

குறை சொல்ல ஒன்று உண்டு. இப்போது பல திடல்களில் கண் கூசும் எல்.இ.டி. விளக்குகளை நாலு பக்கமும் கட்டிவிடுகிறார்கள். நிழலே விழாத அந்த வெளிச்சத்தில் சிவப்பு முகம் தட்டையாகிறது, கண்ணாடித் துண்டுகளுக்கு வேலையில்லாமல் போகிறது. விழாக் குழுவினர் பாதி விளக்குகளை அணைத்து ஒருமுறை பார்க்கலாம். செலவும் மிச்சம்.

சித்திரை, வைகாசியில் விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் சுவரொட்டியில் பாரதக் கூத்து என்று கண்டால் இரவு எட்டு மணிக்கே போய்ச் சேருங்கள். ஆட்டம் தொடங்குமுன் வேஷம் கட்டுகிற இடத்தில், கேட்டுக்கொண்டு, ஓரமாக நின்று அரைமணி நேரம் பாருங்கள்.