கோப்பில் எழுதப்பட்ட குணம்

சுசானா கெய்சன் 1993இல் வெளியிட்ட 'கேர்ள், இன்டரப்டட்' என்ற தன்வரலாற்று நூலைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒரு மருத்துவமனைப் படிவம். பெயர், பிறந்த தேதி, பெற்றோர், சேர்க்கப்பட்ட நாள், நோய் என்று தட்டச்சு செய்யப்பட்ட தாள். 1967 ஏப்ரலில், பதினெட்டு வயதில், பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள மக்லீன் மனநல மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். கால் நூற்றாண்டு கழித்து, வழக்கறிஞரின் உதவியோடு தன் கோப்பைப் பெற்று, அதன் பக்கங்களைத் தன் கதைக்கு நடுவே அப்படியே வைத்துவிட்டார். நோய்க்கு எதிரே எழுதப்பட்டிருந்த பெயர் பார்டர்லைன் பர்சனாலிட்டி. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று இப்போது தமிழில் எழுதுகிறோம்.

இலக்கியம் வாசிக்கப் பழகியவர்களுக்கு இந்த நூலின் அமைப்பு எளிதில் பிடிபடும். ஒரே பெண்ணைப் பற்றிய இரண்டு பிரதிகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று நிறுவனம் எழுதியது. தேதியும் கையொப்பமும் கொண்டது. மற்றது அவளே எழுதியது. அவளுடைய நினைவுதான் அதற்குச் சாட்சி. தன்னை அங்கே அனுப்பிவைத்த மருத்துவர் தன்னிடம் இருபது நிமிடமே பேசினார் என்கிறார் கெய்சன். மூன்று மணி நேரம் பேசியதாக மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் இருவரில் யாரை நம்புவீர்கள் என்று வாசகரைக் கேட்டுவிட்டு, அன்றைய நேரங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்துக் காட்டுகிறார் அவர். அந்தக் கணக்குக்கு அவர் நாட வேண்டியிருப்பது மருத்துவமனையின் தாள்களைத்தான். தன் சொல் நம்பப்பட வேண்டுமானால், தன்னை நம்பாதவர்களின் குறிப்பிலிருந்தே ஆதாரம் தேட வேண்டும். ஆளுமைக் கோளாறுகள் பற்றிய விவாதத்தின் மையம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் பெயர் ஒரு பெண்மீது விழுந்த பிறகு, அவள் சொல்வது சாட்சியம் என்ற தகுதியை இழந்து நோய்க்குறியாக வாசிக்கப்படுகிறது.

பெயரின் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் 1938இல் இந்தச் சொல்லைக் கையாண்டார். நியூரோசிஸ் ஒரு பக்கம், சைக்கோசிஸ் மறு பக்கம். இரண்டிலும் அடங்காமல் இடையில் நிற்பவர்கள், வழக்கமான சிகிச்சைக்கு இணங்கி வராதவர்கள் என்று சிலரை அவர் அடையாளப்படுத்தினார். ஆக, தொடக்கத்திலேயே இந்தப் பெயருக்குள் மருத்துவரின் சலிப்பும் கலந்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். 1980இல் தன் மூன்றாம் பதிப்பில்தான் அதை ஏற்றுக்கொண்டது. கெய்சனுக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டபோது அது கையேட்டிலேயே இல்லை.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒன்பது அம்சங்களைப் பட்டியலிடுகிறது. கைவிடப்படுவோமோ என்ற பதற்றம், நிலைகொள்ளாத உறவுகள், தான் யார் என்பதில் தடுமாற்றம், யோசிக்காமல் இறங்கும் ஆபத்தான செயல்கள், தற்காயமும் தற்கொலை முயற்சியும், சட்டென்று மாறும் மனநிலை, தீராத வெறுமை, பொருத்தமற்ற கடுங்கோபம், நெருக்கடியில் எழும் சந்தேகமோ தன்னைவிட்டே விலகிப்போன உணர்வோ. இவற்றில் ஐந்து இருந்தால் போதும். கணக்குப் போட்டால் 256 விதங்களில் ஒருவர் இந்தப் பெயரை அடையலாம். ஒரே பெயர் பெற்ற இருவருக்குப் பொதுவாக ஒரேயொரு அம்சம் மட்டும் இருப்பதும் சாத்தியம்.

இந்தப் பட்டியலை ஒரு கவிதையை வாசிப்பதுபோல் அடைமொழிகளில் நின்று வாசிக்க வேண்டும். 'பொருத்தமற்ற' கோபம் என்றால் எதற்குப் பொருந்தாதது? கோபத்தின் அளவைக் கையேடு கேட்கிறது. அந்தக் கோபத்தின் காரணம் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. நம் வீடுகளில் இந்த அடைமொழி எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியும். தட்டைத் தூக்கி எறியும் தகப்பனைப் பற்றி 'அவர் கொஞ்சம் கோபக்காரர்' என்று சொல்லிவிட்டுச் சிதறிய சோற்றை அள்ளுகிறோம். அதே தட்டை மருமகள் எறிந்தால் அன்று மாலையே அவளுடைய பிறந்த வீட்டுக்குச் செய்தி போகும். கெய்சனும் தன் நோய்க்குரிய பகுதியை வரிவரியாக எடுத்துக்கொண்டு இப்படித்தான் விசாரிக்கிறார். கட்டுப்பாடற்ற பாலுறவு என்ற குறிப்புக்கு வரும்போது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் எத்தனை பெண்களோடு பழகினால் அவனுக்கு இந்தப் பெயர் கிடைக்கும், ஒரு பெண்ணுக்கு எத்தனை போதும் என்று எண்ணிக்கை கேட்கிறார். வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது, பதில்தான் வருவதில்லை.

1994ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்தப் பெயர் பெறுபவர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் பெண்கள் என்று எழுதியது. பெண் மனம் இயல்பிலேயே இப்படி உடையக்கூடியது என்று முடிவுகட்ட அது வசதியாக இருந்தது. ஆனால் 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 34,000க்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் விசாரித்தபோது ஆண், பெண் விகிதத்தில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. வீதியில் சமமாக இருப்பது மருத்துவமனைக் கோப்பில் முக்கால் பங்கு பெண்ணாகிவிடுகிறது. யார் சிகிச்சைக்கு வருகிறார்கள், அதே நடத்தை ஆணிடம் இருந்தால் மருத்துவர் என்ன பெயர் எழுதுகிறார் என்பவையெல்லாம் இந்த இடைவெளிக்குள் இருக்கின்றன.

பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1985இல் டி.எஸ்.எம். திருத்தக் குழு 'மசோகிஸ்டிக்' ஆளுமைக் கோளாறு என்ற புதிய பெயரைச் சேர்க்க முனைந்தது. தன்னைத் துன்புறுத்தும் உறவில் தங்கிவிடுவது, பிறருக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்வது, இன்பத்தை மறுப்பது என்று அதன் குறிகள் போயின. அடிபடும் மனைவியின் நடத்தையை அவளுடைய குணமாக எழுதும் ஏற்பாடு இது என்று லெனோர் வாக்கர், பவுலா காப்லன் போன்ற பெண் உளவியலாளர்கள் எதிர்த்தார்கள். குழு பெயரைத் 'தன்னைத் தானே தோற்கடிக்கும் ஆளுமை' என்று மாற்றிப் பார்த்தது. 1987இல் அது பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. 1994இல் கையேட்டைவிட்டே போனது. எதிர்ப்பால் ஒரு நோய் வர முடியாமல் போகுமென்றால், வந்து சேர்ந்த மற்றவையும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகள்தாம் என்பது விளங்குகிறது. அதனால் அவை பொய் என்றாகிவிடாது. ஆனால் மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

காரணத்தைத் தேடிப் போனவர் ஜூடித் ஹெர்மன். அவரும் சக ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பார்டர்லைன் என்று கண்டறியப்பட்ட 21 பேரில் 81 விழுக்காட்டினர் குழந்தைப் பருவத்தில் அடி, பாலியல் வன்முறை, வீட்டுச் சண்டையைக் கண்ணால் பார்த்தது என ஏதோவொரு கொடுமையைச் சொன்னார்கள். 21 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கொடுமைக்கு ஆளான எல்லோருக்கும் இது வருவதில்லை; இது வந்த எல்லோரும் கொடுமைக்கு ஆளானவர்களும் அல்லர். என்றாலும் கேள்வியின் திசையை அந்த ஆய்வு மாற்றியது. கைவிடப்படுவோமோ என்று பதறுகிறவள் ஒருமுறை கைவிடப்பட்டவளா என்று கேட்பதற்கு அது இடம் கொடுத்தது. நீண்டகால வன்முறையின் விளைவுகளுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று 1992இல் ஹெர்மன் வாதிட்டார்.

அந்தத் திசைமாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1988ஆம் ஆண்டின் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சாட்சி. லூயிஸ், ஆப்பிள்பை என்ற இரு மருத்துவர்கள் மனச்சோர்வுற்ற ஒருவரைப் பற்றிய குறிப்பை மனநல மருத்துவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும், நோயாளிக்கு முன்பே ஆளுமைக் கோளாறு கண்டறியப்பட்டது என்ற தகவலைச் சேர்த்தார்கள். அந்தத் தகவலைப் படித்தவர்கள் நோயாளியைக் கவன ஈர்ப்புக்காகச் செய்கிறவர், சூழ்ச்சிக்காரர், எரிச்சலூட்டுபவர் என்று மதிப்பிட்டார்கள். நோயாளி மாறவில்லை, துன்பம் மாறவில்லை. கூடுதலாக வந்த ஒரு சொல் மருத்துவரின் காதை அடைத்தது.

தமிழில் இந்தப் பெயருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 'ஆளுமை' நம் வழக்கில் புகழ்ச்சொல். ஆள்வது அதன் வேர். எழுத்தாளர் இறந்தால் 'மாபெரும் ஆளுமை' என்று இரங்கற் கட்டுரை எழுதுகிறோம், பெரும்பாலும் ஆண்களுக்கு. 'கோளாறு' சேர்ந்த பிறகுதான் அந்தச் சொல் தாராளமாகப் பெண்களிடம் வருகிறது. பேச்சிலோ அது 'குணம்' என்றே பெயர்க்கப்படுகிறது. 'அவ குணமே அப்படித்தான்.' பெருமையையும் உரத்தையும் ஆணுக்கும், அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கும் பங்கிட்ட தொல்காப்பிய மரபு நமக்குப் பின்னால் நிற்கிறது. காய்ச்சல் வரும், போகும். குணம் என்று சொல்லிவிட்டால் தொட்டில் முதல் சுடுகாடுவரை கூடவே வரும் என்று நம்புகிறோம்.

அந்த நம்பிக்கையை ஆய்வு ஆதரிக்கவில்லை. கெய்சன் இருந்த அதே மக்லீன் மருத்துவமனையில் மேரி சனாரினி தலைமையில் பார்டர்லைன் நோயாளிகள் 290 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுகளில் 93 விழுக்காட்டினரிடம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன. வேலை, உறவு ஆகியவற்றிலும் காலூன்றியவர்கள் பாதிப் பேர். பாதி என்பது குறைவுதான். ஆனால் மாறவே மாறாத குணம் என்ற கதை இந்த எண்களின் முன் நிற்காது.

இத்தனையும் சொன்ன பிறகு, பெயரைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று தோன்றும். கெய்சன் அப்படிச் செய்யவில்லை. தன்னைப் பற்றிய அந்தச் சித்திரம் பொய்யில்லை, ஆழமில்லாதது என்பது அவருடைய தீர்ப்பு. மருத்துவமனை சிறையாகவும் புகலிடமாகவும் இருந்தது என்றும் எழுதுகிறார். மார்ஷா லினஹனின் கதையும் யோசிக்க வைக்கிறது. 1961இல், பதினேழு வயதில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட பெண்ணாக ஹார்ட்ஃபோர்ட் நகர மருத்துவமனையின் தனியறையில் அடைக்கப்பட்டவர் அவர். பின்னாளில் உளவியலாளராகி, இதே நோயாளிகளுக்கென்று டயலெக்டிகல் பிகேவியர் தெரபி என்ற சிகிச்சையை உருவாக்கினார். நீ படும் துன்பத்துக்குக் காரணம் இருக்கிறது, உன் வாழ்க்கையை மாற்றவும் முடியும் என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்லும் முறை அது. 1991இல் வெளியான ஆய்வு, அதனால் தற்காயம் குறைந்ததைக் காட்டியது. தானும் அங்கே இருந்தவள் என்று அவர் பொதுவில் சொன்னது 2011இல். பெயர் இருந்ததால்தான் சிகிச்சை வந்தது. இந்தப் பெயர் கிடைத்ததும் 'எனக்கு நடப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது' என்று ஆறுதல் அடைகிற மாணவிகளை நான் அறிவேன். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்குவது பெண்ணியம் ஆகாது.

ஆகவே வாதம் பெயரின் பயன்பாடு பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆளுமைக் கோளாறுகளின் தனித்தனிப் பெயர்களை அது கைவிட்டு, மிதம், நடுத்தரம், கடுமை என்ற அளவுகளை வைத்தது. பார்டர்லைன் மட்டும் ஒரு துணைக் குறிப்பாகத் தப்பித்தது. நீண்டகால வன்முறையின் விளைவுக்குத் தனிப் பெயரும் அதில் ஏறியது. ஹெர்மன் கேட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஐ.சி.டி.யை அளவுகோலாக ஏற்பதால் இது நம்மையும் தொடும். அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒருவர் இணங்கவில்லை என்பதை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. மாணவிகள் இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஏனென்றால் நம் ஊரில் கோப்பு மருத்துவமனையோடு நிற்பதில்லை. குடும்ப நீதிமன்றத்துக்கும் போகும். இந்து திருமணச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு மனக்கோளாறை மணவிலக்குக் காரணமாக ஏற்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த விளக்கத்தில், இயல்புக்கு மீறிய மூர்க்கமும் கடும் பொறுப்பின்மையும் கொண்ட நடத்தையும் இடம்பெறுகிறது. இது இருபாலருக்கும் பொதுவான சட்டம்தான். ஆனால் யாருடைய கோபம் இயல்புக்கு மீறியதாகத் தெரியும் என்பதை மேலே பார்த்தோம். 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், மனைவிக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்லி மணவிலக்குக் கேட்ட கணவனுக்கு உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்தது. நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் அளவு நிறுவப்பட வேண்டும் என்றது. வரதட்சணைக் கொடுமை பற்றிப் புகார் சொல்லும் பெண்ணுக்கு எதிராக ஒரு மருத்துவச் சீட்டு நீட்டப்படும்போது இந்தத் தீர்ப்பு உதவும்.

கெய்சன் வெளியே வந்தது திருமணப் பேச்சினால். அந்தக் காலத்தில் திருமணம் என்றால் எல்லோருக்கும் புரிந்தது என்று அவர் வறட்சியாக எழுதுகிறார். கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அவருக்கு வசதியான குடும்பமும் வழக்கறிஞரும் எழுத்தும் இருந்தன. கோப்புக்குப் பதில் எழுத முடிந்தது. தனக்கு என்ன பெயர் எழுதப்பட்டது என்றுகூடத் தெரியாமல் மாத்திரையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அதெல்லாம் இல்லை. நம் சட்டம் தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை அவளுக்குக் கொடுத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவும், கூட உட்கார்ந்து வாசிக்கவும், அதில் இல்லாத அவள் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் படித்த பெண்களால் முடியும். எழுதப்பட்ட பெயரை அவள் வைத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் அவள் கொடுக்கும் புகாருக்கு அந்தப் பெயரையே பதிலாக நீட்ட யாருக்கும் உரிமையில்லை.